சொல்லிவிட்டுப் போங்கள்





சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, நம் சபையின் இளந்தாய் ஒருவர் தம் மகனுடன் ஒதுங்கி நின்றார். கூட்டம் கலைந்தபின் அருகில் வந்து, “ஐயா, இவனை எல்.கே.ஜி.யில் சேர்த்திருக்கிறோம். பள்ளிக்கூடம் என்றாலே அழுகிறான். ஜெபம் பண்ணுங்கள்” என்றார். உடனிருந்த பாட்டி, “அழுதால் டீச்சர் அடிப்பாங்க என்று சொல்லி வைத்திருக்கிறோம் ஐயா” என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் பிள்ளை தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் தலையில் கைவைத்து ஜெபித்தேன். ஆனால் வீடு திரும்பிய பின்னும் அந்த முகம் என்னை விட்டு அகலவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு முன், வேறோர் ஊரில் ஊழியம் செய்தபோது, என் மகனை முதல் நாள் பள்ளிக்கு அழைத்துச் சென்றவன் நானே. அன்று காலை பத்து மணிக்கு ஓர் அடக்க ஆராதனை. வகுப்பு வாசலில் அவன் என் விரலை விடவில்லை. நேரமோ போய்க்கொண்டிருந்தது. “இங்கேயே உட்கார், அப்பா மிட்டாய் வாங்கி வருகிறேன்” என்று சொல்லிவிட்டு நழுவி வந்துவிட்டேன். மத்தியானம் வரை அவன் சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தான் என்று பிற்பாடு அறிந்தேன். மாலையில் அழைக்கச் சென்றபோது அவன் அழவில்லை. “மிட்டாய் எங்கேப்பா?” என்று மட்டும் கேட்டான். என் கையில் மிட்டாய் இல்லை. அதன்பின் பல மாதங்கள், நான் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டாலே ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வான். அடுத்த வீட்டுக்குப் போவதானாலும் அப்படித்தான். இன்று அவனுக்கு அது நினைவில்லை என்கிறான். எனக்கு இருக்கிறது.

பிரியமானவர்களே, சனிக்கிழமைகளில் நம் திருநள்ளாற்றுத் தெருக்கள் வெளியூர் மக்களால் நிரம்பியிருப்பதை அறிவீர்கள். அந்தக் கூட்டத்தினூடே கடைக்குப் போகும் தாய், “கையை விடாதே” என்று பிள்ளைக்கு நூறுமுறை சொல்லுகிறாள். பிள்ளையும் மூன்று ஆண்டுகள் அந்த ஒரு பாடத்தை நன்றாகக் கற்றுக்கொள்கிறது. பின்பு ஒருநாள் காலை, புதுச் சீருடை உடுத்தி, புதுப் பையை மாட்டி, அறிமுகமில்லாத ஒரு வாசலில் நிறுத்தி, “கையை விடு” என்கிறோம். பிள்ளை அழாமல் என்ன செய்யும்? அது அடம்பிடிக்கவில்லை. நாம் கற்பித்த பாடத்தையே ஒப்புவிக்கிறது.

வேதத்தில் பிள்ளையின் கையை விடவேண்டியிருந்த தாய் ஒருத்தியைப் பார்க்கிறோம். அவள் அன்னாள். 1 சாமுவேல் முதல் இரண்டு அதிகாரங்களை இந்த வாரம் வீட்டில் வாசியுங்கள். பால் மறந்த பின்பு சாமுவேலை அவள் சீலோவுக்குக் கொண்டுபோனாள். அப்போது அவனுக்கு மூன்று வயதளவு இருந்திருக்கலாம் என்பது வேத விளக்கவுரையாளர் பலருடைய கருத்து. நம் எல்.கே.ஜி. பிள்ளைகளின் வயதுதான். அவள் அவசரப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்க்கானா வருடாந்தர பலிக்காகப் புறப்பட்டபோது, பிள்ளை பால் மறக்கட்டும், அதன்பின் வருகிறேன் என்று அவள் வீட்டில் தங்கிவிட்டாள். நேர்ந்துகொண்ட பிள்ளையே ஆனாலும், அவன் ஆயத்தமாகும்வரை காத்திருந்தாள். விட்டு வந்த பிறகும் மறந்துவிடவில்லை. ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள் என்று இரண்டாம் அதிகாரம் 19ஆம் வசனத்தில் காண்கிறோம். இந்த ஆண்டு எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனத்தில் அளந்து அளந்து அவள் துணி வெட்டியிருப்பாள் அல்லவா? கையை விட்டாள், கவனத்தை விடவில்லை.

எல்.கே.ஜி. என்கிறோமே, அதிலுள்ள ‘கே.ஜி.’ கிண்டர்கார்ட்டன் என்னும் ஜெர்மன் சொல்லைக் குறிக்கிறது. குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். பிரெட்ரிக் ஃபிரோபெல் என்பவர் 1837-ல் ஜெர்மனியிலுள்ள பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, 1840-ல் அதற்கு இந்தப் பெயரை இட்டார். விளையாட்டும் பாட்டும் கைவேலையுமே அங்கே பாடங்கள். இந்த ஃபிரோபெல் ஒரு லுத்தரன் போதகரின் மகன். ஒரு வயது நிறையுமுன்பே தாயை இழந்தவர். தகப்பனாருக்கோ சபை வேலைகளின் நடுவே மகனைக் கவனிக்க நேரம் இருக்கவில்லை. இதை வாசித்தபோது, ஒரு போதகனாக நான் தலைகுனிந்தேன். தனிமையில் வளர்ந்த அந்தப் பிள்ளை, பிற்காலத்தில் உலகத்தின் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு தோட்டத்தை உண்டாக்கினார். தோட்டக்காரன் நாற்றைப் பிடித்து இழுத்து வளர்ப்பதில்லை. டெல்டாவில் வாழும் நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. நாற்றங்காலிலிருந்து பறித்து வயலில் நட்ட பயிர் சில நாள் வெளுத்து வாடித்தான் நிற்கும். பின்பு வேர் பிடித்துப் பசுமை கட்டும். பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்கும் அந்தச் சில நாட்களைக் கொடுங்கள்.

காரைக்காலுக்கு வடக்கே, நமக்கு அதிக தூரமில்லாத தரங்கம்பாடியை நினைத்துப் பாருங்கள். 1706-ல் சீகன்பால்கு அங்கே வந்து இறங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய 24. ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றவர். ஆனாலும் தமிழ் கற்க, உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் படித்த சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, அவர்களைப்போலவே மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். அப்படித் தொடங்கிய கை 1715-ல் தமிழ் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தது. நம் பிள்ளை ‘அ’ என்பதைக் கோணலாக எழுதும்போது கடிந்துகொள்ளாதிருப்போமாக. நாம் கையிலேந்தும் வேதாகமமும் மணலில் எழுதிய அத்தகைய ஓர் எழுத்திலிருந்து தொடங்கியதுதான்.

ஆகையால் பெற்றோருக்கு ஒரு தகப்பனாகச் சில வார்த்தைகள். பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, காலையில் எழும் நேரத்தைப் பழக்குங்கள். ஒரு மாலையில் பள்ளி வாசல்வரை நடந்துபோய், ‘இதுதான் உன் பள்ளிக்கூடம்’ என்று காட்டுங்கள். டிபன் பாக்ஸைத் தானே திறந்து மூடவும், தண்ணீர் பாட்டிலைத் திருகவும், ஒன்றுக்கு வந்தால் கூச்சமின்றி ஆசிரியையிடம் சொல்லவும் கற்றுக்கொடுங்கள். வீட்டில் செல்லப்பெயரால் மட்டும் அழைத்து வந்திருந்தால், பதிவேட்டிலுள்ள பெயரும் தன் பெயரே என்பதைச் சொல்லிக்கொடுங்கள். ஆசிரியையைக் காட்டிப் பயமுறுத்தவேண்டாம். நீங்கள் இல்லாத நேரத்தில் பிள்ளையின் கண்ணீரைத் துடைக்கப்போகிறவர் அவரே. நம் பிள்ளைகளோடு பல சமயத்தாரின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்வார்கள். பகிர்ந்து உண்ணும்படி ஒரு பிஸ்கட்டைக் கூடுதலாக வைத்து அனுப்புங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நழுவிப் போகாதிருங்கள். பிள்ளை அழுதாலும் அதன் கண்ணைப் பார்த்து, “அம்மா போகிறேன், சாப்பிட்டு விளையாடி முடித்ததும் வந்து அழைத்துப்போவேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்தில் வந்து நில்லுங்கள்.

யோவான் 13 முதல் 16 வரையுள்ள அதிகாரங்களை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. ஆண்டவர் தம் சீஷரை விட்டுப் பிரியவேண்டிய இரவு அது. அவர்கள் கலங்குவார்கள் என்று அறிந்திருந்தும் அவர் சொல்லாமல் மறையவில்லை. வளர்ந்த மனிதராகிய அவர்களைப் பிள்ளைகளே என்று அழைத்து, தாம் போவதையும், எதற்காகப் போகிறார் என்பதையும், திரும்ப வந்து சேர்த்துக்கொள்வதையும் முன்கூட்டியே சொன்னார். அவர்களைத் திக்கற்றவர்களாக விடாமல், தேற்றரவாளரை அனுப்புவதாகவும் வாக்களித்தார். அழுகையை ஒரேயடியாக நிறுத்தும் பொய்யை அவர் சொல்லவில்லை. அழுகையினூடே பற்றிக்கொள்ளத்தக்க உண்மையைச் சொன்னார். திரும்பி வருவேன் என்று சொல்லி வந்து நிற்கும் தாயிடத்தில் ஒரு குழந்தை கற்றுக்கொள்வது இந்த விசுவாசத்தின் முதல் எழுத்தை அல்லவா? பிற்காலத்தில் ஆண்டவர் வருவார் என்று நாம் போதிக்கும்போது, வாக்கு என்பது இன்னதென்று அதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

நான் அன்று ஒரு வாக்கைக் கொடுத்து அதைக் காப்பாற்றாமற்போனேன். அன்று அடக்க ஆராதனைக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போயிருந்தால் அந்தக் குடும்பத்தார் என்னை மன்னித்திருப்பார்கள். உங்களில் யாருக்கும் அந்த மிட்டாயின் நினைவு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினேன்.

ஜெபிப்போம்.

அன்பின் பரம பிதாவே, இந்நாட்களில் முதன்முறை பள்ளிக்குச் செல்லும் எங்கள் சின்னஞ்சிறு பிள்ளைகளை உமது கரத்தில் ஒப்புவிக்கிறோம். நாங்கள் கையை விடும் இடத்தில் நீர் பிடித்துக்கொள்ளும். அவர்களை ஏற்றுக்கொள்ளும் ஆசிரியைகளுக்குப் பொறுமையையும், வாசலில் நின்று கலங்கும் தாய் தகப்பன்மாருக்குத் திடனையும் தாரும். பிள்ளைகளுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற எங்களுக்குக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.