அவஸ்தைப்பூசுதல்

நான் குருவான தொடக்க ஆண்டுகளில், ஒரு சிற்றூர்ப் பங்கில் நிகழ்ந்தது இது. நள்ளிரவு கடந்தபின் ஓர் இளைஞன் மிதிவண்டியில் வந்து பங்கு இல்லத்தின் கதவைத் தட்டினான். திருத்தைலத்தை எடுத்துக்கொண்டு விரைந்தேன். நான் வாசலை அடைந்தபோதே உள்ளே அழுகுரல் எழுந்துவிட்டது. அவனுடைய தந்தை இருபது நாள்களாகப் படுத்த படுக்கையாய்க் கிடந்திருக்கிறார். கோயிலிலிருந்து அவ்வீடு ஒரு மைல் தொலைவுகூட இல்லை.

"ஏனம்மா முன்னமே சொல்லியனுப்பவில்லை?" என்று இறந்தவரின் மனைவியைக் கேட்டேன். கேட்ட வேளையும் சரியல்ல, கேட்ட குரலும் சரியல்ல.

"அவஸ்தை பூச நீங்க வந்தா, இனிப் பிழைக்க மாட்டோம்னு அவருக்குத் தெரிஞ்சிருமே, சாமி" என்றார் அந்த அம்மையார்.

அவஸ்தை என்னும் வடசொல்லுக்கு மூலப்பொருள் 'நிலை' என்பதே. தமிழில் அது துன்பத்தைக் குறித்து, பின்னர் மரணத் தறுவாயையும் குறிக்கலாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், 'கடைசிப் பூசுதல்' என்பதினும் 'நோயாளரைப் பூசுதல்' என்பதே பொருத்தமான பெயர் என்று கூறிற்று. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையும் புதுப்பித்தார். தமிழில் 'நோயிற்பூசுதல்' என்னும் பெயர் நிலைத்தது. குருமடத்தில் இவற்றையெல்லாம் எழுதித் தேர்வும் பெற்றிருந்தேன். அந்த வீட்டிற்கு மட்டும் இச்செய்தி போய்ச் சேரவில்லை.

சொல்லைத் திருத்துவது நம் நாட்டுத் திருச்சபைக்குப் புதிதன்று. 1544இல் முத்துக்குளித்துறையில் பணிபுரிந்த புனித சவேரியார், தம் உடன்பணியாளருக்கு எழுதிய மடலில், விசுவாசப் பிரமாணத்தின் தமிழில் 'வேண்டும்' என்றிருந்ததை மாற்றி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை வைக்கும்படி பணித்தார். 'எனக்குக் கடவுள் வேண்டும்' என்பது நல்ல மன்றாட்டுத்தான். ஆயினும் அது விசுவாச அறிக்கை ஆகாது. பிழை சொல்லில் இருந்தது. சொல்லை மாற்றியதும் தீர்ந்தது.

நோயிற்பூசுதலின் கதை அவ்வாறு முடியவில்லை. புதுப் பெயரை ஞாயிறுதோறும் பீடத்திலிருந்து சொல்லிப் பார்த்தேன். சில மாதங்களில் அப்பெயரும் பழைய அச்சத்தை உடுத்திக்கொண்டது! புனித அகுஸ்தினார் தம் மகனோடு உரையாடும் 'ஆசிரியர்' என்னும் நூலில், பொருளை அறியாதவனுக்குச் சொல் வெறும் ஓசையே என்றும், பொருளைக் கண்டபின்னரே சொல்லின் ஆற்றல் விளங்கும் என்றும் வாதிடுகிறார். எம் மக்கள் கண்ட பொருள் எது? குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு நுழைந்த வீட்டிலிருந்து மறுநாள் சவப்பெட்டி புறப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் கண்டது அதுவே. அகராதியில் அவர்கள் பிழைபடவில்லை.

ஆகவே, எழுந்து நடமாடக்கூடிய நோயாளரையும் முதியோரையும் கோயிலுக்கே வரவழைத்து, திருப்பலியின் நடுவில் எல்லாரும் காணப் பூசத் தொடங்கினேன். முதல் முறை நால்வரே வந்தனர். அவர்களுள் ஒருவர் மறுவாரம் சந்தையில் கருவாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்ததை ஊரே பார்த்தது. என் மறையுரைகளைவிட அக்காட்சி மிகுதியாய் உதவிற்று என்றே எண்ணுகிறேன்.

ஆண்டுகள் சில சென்றபின் அதே அம்மையார் ஒரு காலை கோயிலுக்கு நடந்தே வந்தார். "நாளைக்கு ஆசுபத்திரியில வயித்துல ஆபரேசன், சாமி. அந்த எண்ணெயப் பூசி விடுங்க" என்றார். பழைய பெயரையும் அவர் சொல்லவில்லை, புதிய பெயரையும் சொல்லவில்லை. நெற்றியிலும் கைகளிலும் பூசினேன். உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிறதென்று புறப்பட்டுவிட்டார்.