மூத்த பால்மரத்தடியில் ஒரு படம்

கோலகங்சாருக்குப் போயிருக்கிறீர்களா? போனவர்கள் 1917-இல் கட்டி முடிக்கப்பட்ட உபுடியா பள்ளிவாசலின் பொன்னிறக் கும்மட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். பேராக் ஆற்றங்கரையில் காற்று வாங்கியிருப்பீர்கள். கறுப்பு மண்கூஜா ஒன்றும் வாங்கி வந்திருப்பீர்கள். ஆனால் தோட்டத்து மக்களாகிய நாம் முதலில் பார்க்க வேண்டியது அங்கே வேறொன்று இருக்கிறது. அது மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கும் ஒரு பால்மரம்.

1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த நடவிலிருந்து எஞ்சி நிற்பது என்று போற்றப்படுவதுதான் இந்த மரம். நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிக் கொண்டு வந்தது இந்த மரம்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

சென்ற பள்ளி விடுமுறையில், எங்கள் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற 38 பேரை ஒரு பேருந்தில் ஏற்றிக்கொண்டு அங்கே போனேன். எங்கள் தோட்டத்தில் இப்போது பால்மரமே கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். முப்பது நாற்பது வருடம் நிரை பிடித்து மரம் வெட்டியவர்கள், மூத்த மரத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது.

எங்கள் பள்ளி அலுவலகச் சுவரில் சுதந்திரத்துக்கு முந்திய படமொன்று தொங்குகிறது. தோட்டத் துரைக்குப் பிரியாவிடை கொடுத்தபோது எடுத்தது. நாற்காலியில் துரையும் கிராணிமார்களும் இருக்கிறார்கள். சட்டைப் பொத்தானைக்கூட எண்ணலாம். அடுத்து மண்டோர்கள். கடைசி வரிசையில் மரம் வெட்டியவர்கள் நிற்கிறார்கள். அவர்களுடைய முகங்கள் புகைபோலக் கலைந்திருக்கின்றன. ஒரு பாட்டி ஆண்டுதோறும் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வரும்போது அந்தப் படத்தின் முன்னால் நிற்பார். கடைசி வரிசையில் இடமிருந்து நான்காவது ஆள் அவருடைய தகப்பனார்.

“எங்கப்பா வேட்டி இருக்கு சார், மூஞ்சிதான் இல்ல. வேற படமும் அவருக்குக் கிடையாது” என்பார்.

இந்தப் பயணத்தில் எடுக்கும் படத்தில் ஒரு முகமும் கலையக்கூடாது என்று நான் நினைத்துக்கொண்டேன். என் அக்காள் மகன் ஈப்போவில் திருமணப் படங்கள் எடுப்பவன். கைமாற்றாக வாங்கிய ஃபூஜிபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50ஆர் கேமராவை இரண்டு நாளைக்கு எனக்கு இரவல் கொடுத்தான். இதை மீடியம் பார்மட் கேமரா என்கிறார்கள்.

அது என்ன என்று கேட்பீர்கள். பட்டணத்துப் படக்கடையில் கடைக்காரர் குனிந்து மேலிருந்து பார்த்துப் படமெடுத்த பெட்டிக் கேமரா உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ரோலிபிளெக்ஸ், யாஷிகா என்று பெயர் போட்டிருக்கும். ஒரு சுருளில் பன்னிரண்டே படம். பிலிம் அகலமாக இருந்ததால் படத்தைப் பெரிதாக்கினாலும் முகம் கெடாது. அந்த வழியில் வந்த டிஜிட்டல் கேமராதான் இது. பிலிம் இருந்த இடத்தில் ஒளியைப் பதியும் சென்சர் இருக்கிறது, அளவு 43.8க்கு 32.9 மில்லிமீட்டர். பழைய பெட்டிக் கேமராவின் பிலிமைவிட இது சிறியதுதான். ஆனால் சாதாரண 35 மி.மீ. பிலிமின் படப் பரப்போடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 1.7 மடங்கு பெரியது. ஒரு படத்தில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் பதிகின்றன.

இரண்டு லென்ஸ்களும் தந்தான். 63 மி.மீ. லென்ஸ் நம் கண் பார்ப்பதுபோல இயல்பாகப் பார்க்கும். 110 மி.மீ. லென்ஸ் தனி ஒருவர் முகத்துக்கு ஏற்றது. அது மட்டுமே ஒரு கிலோ கனம். “மாமா, லென்சை நல்லாத் திறந்து வைங்க. பின்னால இருக்கிறது மறைஞ்சு ஆள் மட்டும் எடுப்பா நிப்பாங்க” என்று சொல்லி அனுப்பினான்.

கோலகங்சாரில் இறங்கியதும் எங்கள் ஆட்கள் மரத்தைப் பார்த்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து கிளையைப் பார்ப்பார்கள். இவர்கள் குனிந்து பட்டையைப் பார்த்தார்கள். “இதை யாருங்க சார் மொதல்ல வெட்டினது?” என்று ஒரு பெரியவர் கேட்டார். மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தில் இருந்த ரிட்லி என்பவர் பரப்பினார் என்றும், ரப்பர் நடச் சொல்லி எல்லாரையும் நச்சரித்ததால் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்று கேலி செய்தார்கள் என்றும் சொன்னேன். “பைத்தியம் அவருக்கு, காலை நாலு மணிக்கு எழுந்தது நாங்க” என்றார் பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு படம். மரத்தின் முன்னால் நான்கு வரிசையாக நிற்கச் சொன்னேன். யாரும் சொல்லாமலே முன்னாள் மண்டோர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். மரம் வெட்டிய பெண்கள் தாமாகக் கடைசி வரிசைக்குப் போனார்கள், பாட்டியும் போனார். நான் அதைக் கவனிக்கவில்லை. முக்காலியில் கேமராவைப் பொருத்தி, மருமகன் சொன்னபடி 63 மி.மீ. லென்சை முழுவதும் திறந்து எஃப் 2.8-இல் வைத்தேன். முன்வரிசை முகத்தில் குவியம் வைத்து விசையை அழுத்தினேன். சின்னத் திரையில் படம் அருமையாகத் தெரிந்தது.

அருகிலிருந்த கோப்பிக்கடையில் உட்கார்ந்து படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்வரிசையில் மண்டோரின் நரைத்த மீசை ஒவ்வொரு முடியாகத் தெரிந்தது. கடைசி வரிசைக்கு நகர்த்தினேன். முகங்கள் கலங்கியிருந்தன.

தோளுக்குப் பின்னாலிருந்து பாட்டி பார்த்துக்கொண்டிருந்தார். “என்னையும் எங்கப்பா மாதிரி ஆக்கிட்டீங்களே சார்” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை மிகவும் சுட்டது.

தவறு கேமராவுடையது அல்ல, என்னுடையது. லென்சின் துவாரம் அகலமாகத் திறந்திருந்தால், குவியம் வைத்த தூரத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்ச இடமே தெளிவாக விழும். ஒரே அளவு காட்சியை ஒரே துவார எண்ணில் எடுத்தால், சென்சர் பெரிதாக ஆக அந்த இடம் இன்னும் சுருங்கும். மணப்பெண் ஒருத்தியை எடுக்க அது அழகு. நான்கு வரிசை மக்களை எடுக்க அது ஆகாது.

பேருந்து ஓட்டுநர் புறப்படத் தயாராக நின்றார். முழங்கால் வலி என்றார் ஒருவர். வெயில் என்றார் இன்னொருவர். கையெடுத்துக் கும்பிட்டு எல்லாரையும் திரும்ப மரத்தடிக்கு அழைத்துப் போனேன். இம்முறை பெண்களை முதல் இரண்டு வரிசையில் அமர்த்தினேன். பாட்டி மட்டும் வர மறுத்தார். “நான் பின்னாலயே நிக்கிறேன் சார். அங்கேயும் தெரியுதான்னு பாப்போம்” என்றார்.

துவாரத்தை எஃப் 11-க்குச் சுருக்கினேன். வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்தது. ஐ.எஸ்.ஓ. 100-இல் முன்பு 500-இல் ஒரு வினாடி போதுமாக இருந்தது. இப்போது 30-இல் ஒரு வினாடி வேண்டும். அதற்குள் யாராவது தலையை அசைத்துவிடுவார்கள். ஆகவே ஐ.எஸ்.ஓ.வை 400-க்கு உயர்த்தி, 125-இல் ஒரு வினாடியாக்கினேன். குவியத்தை இரண்டாம் வரிசையில் வைத்து ஐந்து படம் எடுத்தேன். அங்கேயே நின்று, ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கி முப்பத்தெட்டையும் எண்ணினேன். அதுவரை ஒருவரும் அசையவில்லை. பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது நின்றதுபோல நின்றார்கள். கடைசியாகப் பாட்டியின் முகத்தை அவரிடமே காட்டினேன். “ஆமா, நான்தான்” என்றார்.

110 மி.மீ. லென்சை மாட்டித் தனியாக ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். “தனியா எதுக்கு சார்? இதுவே போதும்” என்று சொல்லிப் பேருந்தில் ஏறிக்கொண்டார்.

அந்தப் படத்தை 27 அங்குல அகலத்திலும் 20 அங்குல உயரத்திலும் அச்சிட்டுப் பழைய படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறோம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் 38 பேரின் பெயரையும் வரிசைப்படி எழுதி அடியில் ஒட்டினார்கள். பிறகு பாட்டியிடம் கேட்டு, மேலேயுள்ள படத்தில் இடமிருந்து நான்காவது இடத்துக்கு நேராக அவருடைய தகப்பனார் பெயரையும் எழுதினார்கள். மற்றவர்களின் பெயரை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

அன்பர்களே, இப்படியொரு கேமராவை நீங்கள் வாங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அதன் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. கைப்பேசியில் எடுத்தாலும், கூட்டம் கலையுமுன் கடைசி வரிசையைப் பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்து, பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே பின்புறத்தில் பெயர்களை எழுதி வையுங்கள். ஒருமுறை கோலகங்சாருக்கும் போய் வாருங்கள். அந்த மரத்தின் முன்னால் நம்மவர் நிற்க நிறைய இடம் இருக்கிறது.