பாடபேதம்

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் கலைப்பீட மாணவனுக்குத் தரவுத்தளத்தோடு என்ன தொடர்பு என அன்பர் வினவலாம். எங்கள் துறையினர் பழைய பத்திரிகைகளுக்குக் கணினியில் அட்டவணை தயாரித்து வருகின்றனர். நூலகக் கணினியில் மூலம். துறையறைக் கணினியில் பிரதி. மூலத்தில் நிகழும் மாற்றம் யாவும் ஒரு பதிவேட்டில் எழுதப்பெறும். பிரதி அதனை வாங்கித் தன்னிடத்தும் அவ்வாறே நிகழ்த்திக்கொள்ளும். பல அணி மாணவர் தட்டெழுதிய உழைப்புக்கு இவ்விரண்டையன்றி வேறு படி இல்லை.

2024ஆம் ஆண்டு துறைக் கட்டடத்தின் மின்னிணைப்பைப் புதுப்பிக்க நேர்ந்தபோது, பிரதியை நிறுத்திவைக்கும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது. ஆளியை அணைத்தாற் போதும் என்றே பலரும் கருதினர். ஆனால், மைஎஸ்கியூஎல்லில் இப்பணியை இருவர் பகிர்ந்து செய்கின்றனர் எனலாம்: ஒருவர் மூலத்தின் பதிவேட்டை வாங்கி வைப்பார், மற்றவர் அதனைப் படித்து நிறைவேற்றுவார். எனவே வாங்குபவரை முதலில் நிறுத்தி, வாங்கியவை யாவும் நிறைவேறும்வரை காத்திருந்து, பின்னரே மற்றவரை நிறுத்தினேன். பதிவேட்டின் பெயரையும் நின்ற இடத்தையும் தாளில் குறித்துக்கொண்டேன். மின் வந்ததும் பிரதிசெய்தல் தானாகத் தொடங்காதவாறும் அமைத்தேன்.

இவை எளியனவே. என்னை அச்சுறுத்தியது காலம். மூலம் தன் பதிவேடுகளை என்றென்றும் வைத்திருப்பதில்லை. நாம் வேறு கூறாவிடின், 8.0 பதிப்பு 30 நாளில் அவற்றை அழித்துவிடும். அதற்குப் பின் பிரதி விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. முழுவதையும் புதிதாகப் பெயர்த்தெழுத வேண்டும். அவ்வாறு பெயர்த்தெழுதும் வேளைதான் ஆபத்தானது. 2017 ஜனவரி 31இல் கிட்லாப் நிறுவனத்தில், பின்தங்கிய பிரதியைப் புதுப்பிக்க முயன்ற பொறியியலாளர் ஒருவர், பிரதியின் தரவை அழிப்பதாக எண்ணி மூலத்தின் தரவையே அழித்தார். ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு மீளவேயில்லை.

இரு வாரத்தில் வேலை முடியும் என்றார்கள். நம் நாட்டுக் கட்டட வேலையின் இரு வாரம் எத்தகையது என்பது வாசகர் அறிந்ததே. அழிக்கும் எல்லையை 90 நாளாக நீட்டுமாறு நூலகத்தாரை வேண்டினேன். வட்டில் இடம் போதாது என்றார் ஒருவர். பதிவேடு நாளொன்றுக்கு எவ்வளவு வளர்கிறது எனக் கணக்கிட்டுக் காட்டிய பின் இணங்கினார். வேலை முடிய 41 நாள் சென்றது.

மீளத் தொடங்கிய சில நிமிடத்தில் பிரதி நின்றுவிட்டது. மூலத்திலிருந்து வந்த ஓர் இதழின் பதிவு, அதே இலக்கத்துடன் பிரதியில் ஏலவே இருந்தது. யாரோ முன்னர் நேரே பிரதியில் எழுதியிருக்கிறார். "அந்த ஒன்றைத் தாண்டிச் செல்லலாமே" என்றார் நண்பர். தாண்டினால் ஓட்டம் தொடரும்; ஆனால் இரு படிகளும் சத்தமின்றி வேறுபட்டு நிற்கும். ஏட்டுச்சுவடிகளில் பாடபேதம் பார்க்கப் பழகிய எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒப்பிட்டேன்: மூலத்தில் 1943, பிரதியில் 1934. இதழையே எடுத்துப் பார்த்தோம். 1934 என்றிருந்தது.

பிரதியிலிருந்த பதிவை நீக்கி, மூலத்தைத் திருத்தி, மீளத் தொடங்கினோம். 41 நாள் வேலையையும் வாங்கி நிறைவேற்றிய பின், இறுதியாக அந்த 1934உம் முறைப்படி பிரதிக்கு வந்து சேர்ந்தது. அன்றே, பிரதியில் எவரும் நேரே எழுத முடியாதவாறு அதனைப் பூட்டினேன்.