மெட்டல் பேண்டுக்கு இன்ஜினியர் தேடின கதை

எங்க பேண்டுல அஞ்சு பேர். ரெண்டு கிடார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், ஒரு கத்தல். (பாட்டுன்னு சொன்னா வீட்ல ஒத்துக்க மாட்டாங்க.) மூணு வருஷத்துல எட்டு சொந்தப் பாட்டு சேர்ந்திருக்கு. டிரம்மருக்கு கேம்பஸ்ல வேலை கிடைச்சாச்சு. ஜூன்ல புனே போறான். அதுக்குள்ள ரெக்கார்ட் பண்ணலைன்னா இந்த எட்டும் எங்க அஞ்சு பேர் ஞாபகத்துல மட்டும்தான் இருக்கும். ஆளுக்கு ஆறாயிரம் போட்டு கையில மொத்தம் 30,000 ரூபாய்.

சென்னையில ஸ்டுடியோவுக்கா பஞ்சம்னு கேப்பீங்க. பஞ்சமே இல்லை. வடபழனி, சாலிகிராமம் பக்கம் போனா தெருவுக்கு ஒரு போர்டு தொங்குது. ஆனா நாங்க ஏறி இறங்கினதுல பெரும்பாலானது குரலுக்காகக் கட்டினது. டப்பிங், பக்திப் பாட்டு, விளம்பரம். மியூசிக் கீபோர்டுலயும் கம்ப்யூட்டர்லயும் ரெடியாகி வந்துடும், பாடறவர் ஒரு மைக் முன்னாடி நின்னா போதும். அந்த ரூம்ல ஒரு டிரம் செட்டை வெச்சா வாசிக்கறவன் வெளியில நிக்கணும்.

ஹெவி மியூசிக்ல என்ன அப்படி கஷ்டம்னு க்ளாஸ்ல சில பேர் கேட்டாங்க. சின்னதா ஒரு கணக்கு போடுவோம். எங்க வேகமான பாட்டு நிமிஷத்துக்கு 200 பீட். ஒவ்வொரு பீட்டுக்கும் கால் நாலு தடவை அடிக்கணும். நிமிஷத்துக்கு 800 அடி, நொடிக்கு 13க்கு மேல. ஒவ்வொண்ணும் தனித்தனியா காதுல விழணும். இல்லைன்னா மாவு மில் ஓடற மாதிரி இருக்கும். கிடாரோட தடிக் கம்பியை நாங்க 'சி' வரைக்கும் இறக்கி வெச்சிருக்கோம், அது கிட்டத்தட்ட 65 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மோட அடிவயிறும் ஏறக்குறைய அங்கதான். பேஸ் கிடார் இன்னும் ஒரு ஸ்தாயி கீழே. மூணு தடியனுங்க ஒரே பெஞ்சுல உக்கார வர்றாங்க. யாரை எங்க உக்கார வைக்கறதுங்கறதுதான் இன்ஜினியர் வேலை.

எங்க வோக்கலிஸ்ட் எப்பவும் ஒரு உதாரணம் சொல்லுவான். நிர்வாணாவோட முதல் ஆல்பம் 'ப்ளீச்', 1989ல வந்தது, ரெக்கார்டிங் செலவு 606 டாலர் 17 சென்ட். நிஜம்தான். சியாட்டில்ல ஜாக் எண்டினோ பண்ணினார், ஏறக்குறைய 30 மணி நேரம். அந்தப் பணத்தைக் கொடுத்தவர் ஜேசன் எவர்மேன். ஆல்பத்துல ஒரு நோட் கூட வாசிக்கலை, ஆனா அட்டையில கிடாரிஸ்ட்னு பேர் இருக்கு :) எங்களுக்கும் அப்படி ஒருத்தர் கிடைச்சா அட்டையில போட்டோவே போடுவோம்.

எனக்கு 606ஐ விட அந்த 30தான் முக்கியமா படுது. பாட்டைக் கையில வெச்சுக்கிட்டுப் போனதால 30 மணி நேரத்துல முடிஞ்சது. பிளாக் சபாத் 1969 அக்டோபர்ல முதல் ஆல்பத்தை லண்டன்ல ஒரே நாள்ல ரெக்கார்ட் பண்ணினாங்க. மேடையில அடிச்சு அடிச்சு விரல்ல ஊறின பாட்டு அது. இன்னொண்ணு, எண்டினோவே ஒரு பேண்டுல கிடாரிஸ்ட். கன்வெர்ஜோட கிடாரிஸ்ட் கர்ட் பாலூவும் அப்படித்தான், சேலத்துல ஸ்டுடியோ வெச்சிருக்கார். (நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்.) சிகாகோவுல ஸ்டீவ் அல்பினி இருந்தார். நிர்வாணாவோட 1993 ஆல்பம் 'இன் யூடெரோ'வுக்கு ராயல்ட்டியே வேண்டாம்னவர். குழாய் ரிப்பேர்காரருக்குக் கொடுக்கற மாதிரி வேலைக்குக் கூலி கொடுங்க, போதும்னார். 2024 மே மாசம் இறந்துபோற வரைக்கும் பேர் தெரியாத பேண்டுகளையும் ரெக்கார்ட் பண்ணிக்கிட்டுதான் இருந்தார்.

அந்த மாதிரி ஒருத்தரைத்தான் நாங்க தேடினோம். முதல்ல பார்த்தவர் பாட்டுக்கு 15,000 கேட்டார். டெமோவைக் கேட்டுட்டு "வாய்ஸை நல்லா முன்னாடி கொண்டு வந்துடலாம்"னார். அதை முன்னாடி கொண்டு வந்தா கேக்கறவங்க பின்னாடி ஓடிடுவாங்க. ரெண்டாமவர் பாட்டுக்கு 3,000தான், ஆனா "டிரம்ஸ் வாசிக்க வேண்டாம், நான் ப்ரோக்ராம் பண்ணிடறேன்"னார். டிரம்மர் மூஞ்சியைப் பார்க்கணுமே! மெஷுகாவே 2005ல 'கேட்ச் தர்ட்டித்ரீ'ல டிரம்ஸை ப்ரோக்ராம் பண்ணினவங்கதான், அதுல எனக்கு மட்டமான அபிப்பிராயம் கிடையாது. ஆனா நாங்க ரெக்கார்ட் பண்றதே அவன் போறதுக்கு முன்னாடி அவன் கையும் காலும் டேப்ல இருக்கணும்னுதான். பெங்களூர்ல ஒருத்தரோட சவுண்ட் அருமையா இருந்தது. ஒரு நாளைக்கு 12,000, டிரெயின் செலவு, தங்கற செலவு. கணக்கு போட்டுட்டு ஒரு டீ குடிச்சோம், அவ்வளவுதான்.

கடைசியா சாலிகிராமத்துல ஒரு மாடி ரூம். அந்த அண்ணன் நாதஸ்வரம், தவில் கச்சேரிகளை ரெக்கார்ட் பண்றவர். மெட்டல் கேட்டதே இல்லையாம். போன்ல போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டார்.

"இந்தக் கால் சத்தம் நிஜமா ஆள் அடிக்கறதா தம்பி?"

"ஆமாண்ணே, இவன்தான்."

அவன் காலை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அவர் சொன்னதை நான் வேற எந்த ஸ்டுடியோவுலயும் கேக்கலை. தவில்ல வலந்தலை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். ரெண்டுக்கும் மைக் வெச்சா, ஒரு தோல் மைக்கைப் பார்த்து வரும்போது இன்னொண்ணு மைக்கை விட்டு விலகிப் போகலாம். அப்படியே கலந்தா அடி சத்தம் காணாமப் போயிடும். அதனால ஒண்ணைத் திருப்பிப் போட்டுப் பார்க்கணும்னார். ஸ்னேர் டிரம்முக்கு மேலயும் கீழயும் மைக் வைக்கறப்ப வர்ற பிரச்சனையும் அச்சு அசலா இதேதான். அடுத்து டிராயர்லேர்ந்து ஒரு டெய்லர் டேப்பை எடுத்தார். தலைக்கு மேல தொங்கற ரெண்டு மைக்கும் ஸ்னேர்லேர்ந்து ஒரே தூரத்துல இருக்கணுமாம். 34 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தாலே சத்தம் ஒரு மில்லிசெகண்ட் பிந்திடும். அந்த டேப்பைப் பார்த்ததும் எங்க பேஸ் கிடாரிஸ்ட் என் கையை அமுக்கினான்.

அவர்கிட்ட எட்டு மைக்தான் ஒரே சமயத்துல போட முடியும். கிக்குக்கு ஒண்ணு, ஸ்னேருக்கு ரெண்டு, டாம்டாம் மூணு, தலைக்கு மேல ரெண்டு. சரியா எட்டு. டிரம்ஸ் மட்டும் அங்க ரெண்டு நாள், நாளைக்கு 9,000. டிரம்முக்குப் புதுத் தோல் 4,000. பழைய தோலோட வந்தா திருப்பி அனுப்பிடுவேன்னு கண்டிப்பா சொல்லிட்டார். கிடாரும் பேஸும் எங்க ரூம்லயே, கடன் வாங்கின இன்டர்ஃபேஸ்ல. கத்தல் கார் ஷெட்ல, சுத்தி மெத்தை நிறுத்தி. மிக்ஸிங்குக்குப் பாட்டுக்கு 1,000 அவரே சொன்னார், நாங்க பேரம் பேசலை. கூட்டிப் பாருங்க, 30,000 சரியா வரும். டீ செலவு தனி.

தேதி மே மாசம் ரெண்டாவது சனி, ஞாயிறு. டிரம்மர் தினம் ராத்திரி மெட்ரோனோமைக் காதுல மாட்டிக்கிட்டுத் தலையணையை மிதிச்சுப் பழகறான். கீழ் ரூம்காரன் ரெண்டு தடவை கதவைத் தட்டிட்டான்.

நேத்து அந்த அண்ணன் போன் பண்ணினார். அவருக்குத் தெரிஞ்ச தவில் வித்வான் ஒருத்தர் இந்தக் கால் அடியை நேர்ல பார்க்க வரேன்னாராம். தாராளமா வரட்டும்ணே, ஆனா காதுல பஞ்சு வெச்சுக்கச் சொல்லுங்கன்னேன்.

"தம்பி, அவர் தவில்காரர்"னார்.