பார்னக்கிளும் நாலாம் அத்தியாயமும்

ஆய்வேட்டை முடிக்கப் போகிறவர்கள் வீட்டில்தான் ஃபேன் இறக்கைகள் பளபளவென்று இருக்கும். பரணில் கிடந்த பழைய குக்கர் இறங்கி வந்து, கைப்பிடி மாற்றிக்கொண்டு, சோறு பொங்கத் தொடங்கியிருக்கும். நாலாம் அத்தியாயம் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையாது.

சுவரில் நேர அட்டவணை வேறு. காலை ஐந்து முதல் ஏழு வரை எழுத்து, பச்சை மையில். அப்புறம் வாசிப்பு, ஊதா. ஞாயிறு மாலை திருத்தம், சிவப்பு. ஸ்கெட்ச் பேனாவால் ஓரத்தில் பூகூடப் போட்டிருப்பார்கள். அதைப் போட்டு முடிப்பதற்குள் பச்சை மை நேரம் முழுக்கக் கரைந்திருக்கும். நெறியாளர் என்ற முறையில் கண்டிக்க வேண்டியவன் நான். ஆனால் டார்வினை நினைத்தால் வாய் வருவதில்லை.

மனுஷர் 1844-லேயே தம் பரிணாமக் கோட்பாட்டை எழுதிவிட்டார். பிரதி சுமார் 230 பக்கம். தாம் இறந்துபோனால் 400 பவுண்டு செலவழித்து அச்சில் கொண்டுவரும்படி மனைவி எம்மாவுக்குக் கடிதமும் எழுதி வைத்தார். அப்புறம் 1846-ல், சிலி கடற்கரையிலிருந்து எடுத்துவந்த ஒரு குட்டிப் பார்னக்கிளை அறுத்துப் பார்க்க உட்கார்ந்தார். பாறையிலும் படகின் அடியிலும் அப்பிக்கொண்டு, கால் வைத்தால் கீறிவிடுமே, அந்த வகையறாதான். பார்வைக்குச் சிப்பி, உறவில் நண்டுக்கும் இறாலுக்கும் பங்காளி. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள இன்னொன்று வேண்டியிருந்தது, அதற்கு மேலும் நாலு. பல திசைகளிலிருந்தும் பார்சல் வந்தது. எட்டு வருஷம் போயிற்று. அப்பாக்கள் என்றாலே பார்னக்கிள் அறுப்பவர்கள் என்று அவர் வீட்டுக் குழந்தைகள் நம்பினார்களாம். அக்கம்பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவர் எங்கே உட்கார்ந்து பார்னக்கிள் வேலை பார்ப்பார் என்று ஒரு பிள்ளை கேட்டதாகக் கதை உண்டு.

இத்தனை காலம் இதற்குத் தகுமா என்று பிற்காலத்தில் அவரே சந்தேகப்பட்டார். எனக்குச் சந்தேகமில்லை. ஒரே இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு கிடக்கிறது என்று அவர் கைப்படக் கண்டது அந்த மேஜையில்தான். ஃபேன் துடைத்து அந்த ஞானம் அடைந்தவர் யாரும் இல்லை.

1858 ஜூனில் தபால் வந்தது. மலாய்த் தீவுகளில் சுற்றிக்கொண்டிருந்த வாலஸ், அதே கோட்பாட்டைச் சில பக்கங்களில் எழுதி அனுப்பியிருந்தார். இருபது வருஷச் சரக்கு கைநழுவப் பார்த்தது. அப்போது எழுதிக்கொண்டிருந்த மாபெரும் நூலை டார்வின் ஓரமாக வைத்தார். அதன் சுருக்கம் என்று சொல்லிக்கொண்டே எழுதிய ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859 நவம்பரில் வெளியாயிற்று. மாபெரும் நூல் முழுதாக முடியவேயில்லை.

பல்கலைக்கழகமும் அந்தச் சுருக்கத்தைத்தான் கேட்கிறது. மாபெரும் நூலை வேலை கிடைத்த பிறகு எழுதிக்கொள்ளலாம். இதைச் சொன்னால் மாணவர்கள் தலையாட்டுவார்கள், ஆட்டிவிட்டு, துணைநூற்பட்டியலில் பதிப்பகத்தின் பெயருக்குப் பின் வருவது காற்புள்ளியா முக்காற்புள்ளியா என்று ஆராயப் போய்விடுவார்கள். அதற்குள் எக்ஸ்டென்ஷனும் தீர்ந்துவிடும்.

ஆகவே அட்டவணை பற்றி இப்போது நான் வாயே திறப்பதில்லை. “இதே தலைப்பில் வேற யுனிவர்சிட்டியில ஒருத்தர் சினாப்சிஸ் கொடுத்துட்டாராமே?” என்று காதில் போட்டு வைப்பதோடு சரி. முகம் வெளுக்கும். நாலாம் அத்தியாயம் தானாக நடந்து என் மேஜைக்கு வந்துவிடும்.

“யாரு சார் அது?” என்று கேட்பார்கள்.

“வாலஸ்னு ஒருத்தராம்.”