பவளத் தொட்டியும் ஒரு கைப்பிடிப் பாசியும்

அம்பத்தூரில் இருந்துகொண்டு பவளத் தொட்டியா என்று கேட்கிறார்கள். கொளத்தூர் மீன் கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. கடல் மீன் வாங்குவது பெரிய காரியமில்லை. போடும் தீனி கடைசியில் நைட்ரேட், பாஸ்பேட்டாகத் தண்ணீரிலேயே தங்கிவிடும். அதை வெளியேற்றுவதுதான் வேலை.

முதல் வடிகட்டி தொட்டிக்கு வெளியே: ஆர்.ஓ. நைட்ரேட் உள்ள போர் தண்ணீரில் கடலுப்பைக் கரைத்தால் கழிவையும் நாமே ஊற்றுகிறோம். அடுத்து புரோட்டீன் ஸ்கிம்மர். நுண்குமிழிகளில் ஒட்டும் கழிவு அழுகுமுன்பே நுரையாக வெளியேறும். எனக்குப் பிடித்தது மூன்றாவது. அடித்தொட்டியில் கீட்டோமார்ஃபா பாசி, மேலே ஒரு விளக்கு. பாசி சத்தைத் தின்று வளரும். கீரை மாதிரி அள்ளி எடுத்தால் கழிவும் கூடவே போகும். விளக்கை இரவில் எரியவிட்டால் பி.எச். இறங்குவதும் குறையும். (கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் முதலில் ஓட வேண்டியது ஃபேன் அல்ல, பம்ப். வீட்டில் இதற்கென்றே தனிச் சண்டை.)

பூஜ்யம்வரை சுத்தப்படுத்தாதீர்கள். பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கும் கொஞ்சம் சத்து வேண்டும். சத்தே இல்லாத தொட்டியில்தான் பெரும்பாலும் டைனோஃபிளாஜெல்லேட் பழுப்புச் சளியாகப் படரும்.

ஒரு வேண்டுகோள்: மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது உயிர்ப்பவளம் விற்றால் வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கின்றன.