அப்புச்சியின் வேட்டை நியாயம்

எங்கள் அப்புச்சி மான் வேட்டை ஆடியவர். இந்த வரியைப் படித்ததுமே நம் விலங்கியல் பேராசிரியர் முகம் சுளிப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மனிதரிடம்தான் நான் வெட்கப்பட்டு நின்றேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அவர் வேட்டைக்குப் போனது 1960களில், சத்தியமங்கலம் மலையடிவாரத்தில். கையில் இருந்தது மருந்து இடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கி. ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து கெட்டிப்பதற்குள் மான் அடுத்த ஓடையைத் தாண்டியிருக்கும். ஆகவே, மோப்பம் போகாதபடி எதிர்க்காற்றில் நகர்ந்து, மிக அருகில் போக வேண்டும். முன்னங்கால் சப்பைக்குப் பின்னால் நெஞ்சுக்கூட்டில் குறி நிற்கும்வரை விசையைத் தொடக்கூடாது. "சந்தேகமா இருந்தாச் சுடாத கண்ணு. ஊட்டுல ராகி இருக்குது" என்பார்.

குட்டியோடு நிற்கும் பிணையைச் சுடமாட்டார். கொம்பில் தோல் உரியாத கலையைச் சுடமாட்டார். தண்ணீருக்கு வந்ததை விட்டுவிடுவார். சத்தத்தை மட்டும் கேட்டுச் சுடுவது அவருக்குப் பெரும் பாவம். சரயு நதிக்கரை இருட்டில் யானை என்று நினைத்துத் தசரதன் அம்பு விட்ட கதையை ஊர்க் கூத்தில் ஆடும்போது, அந்தக் கட்டத்தில் எழுந்து வெளியே போய்விடுவாராம்.

காரணத்தை ஒரு நாள் அவரே சொன்னார். ஓர் அந்தியில் அவர் சுட்ட கலை ஒன்று வயிற்றில் அடிபட்டு ஓடியது. வயிற்றில் பட்ட மான் சட்டென்று விழாது. வழிநெடுக ரத்தமும் சிந்தாது. இருட்டிவிட்டது, யானை நடமாட்டம் வேறு. கூட வந்தவர்கள் திரும்பினார்கள், இவரும் திரும்பினார். மறுநாள் பகலெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கழுகுகள் வட்டமிட்டுக் காட்டிக் கொடுத்தன. "ரெண்டு ராத்திரி உசுரோட கெடந்திருக்கும் சாமி. நான் ஊட்டுல படுத்துத் தூங்கியிருக்கறேன்." அதற்கு மேல் அவர் பேசவில்லை.

பின்னர் நூலகத்தில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் வடிவத்தைப் புரட்டியபோது வியப்பாக இருந்தது. நீர்நிலையில் வேட்டை, இரவில் விளக்கடித்து வேட்டை, கண்ணி, நஞ்சு, குட்டியையும் பெட்டையையும் கொம்பில் தோலுள்ள மானையும் கொல்லுதல் என்று அது விலக்கியவற்றில் பாதி, எழுதப் படிக்கத் தெரியாத அப்புச்சி தாமே விலக்கியவை. 1991இல் வந்த திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்துவிட்டது. நல்லதே. ஆனால் 1972லேயே துப்பாக்கியை ஒப்படைத்துவிட்ட அவருக்கு அந்தத் திருத்தம் தேவைப்படவில்லை.

மகாபாரதத்தில் பாண்டு, கூடியிருந்த மான் இணையின்மேல் அம்பு விடுகிறான். மான் உருவில் இருந்தவர் கிந்தமர் என்னும் முனிவர். மான் வேட்டை அரசர்க்கு உரியது என்று பாண்டு வாதிடுகிறான். கொன்றதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை, அந்த வேளையில் கொன்றாயே என்கிறார் அவர். வகுப்பில் இதைக் கேட்டபோது முனிவர் எதையோ நுணுக்கிப் பேசுகிறார் என்றுதான் எண்ணினேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆயுத பூஜை விடுமுறைக்கு அப்புச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவின் கடலைக்காட்டைக் காட்டுப்பன்றிகள் உழுது போட்டிருந்தன. கடன் வாங்கி விதைத்த காடு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாலையில் வேலியோரம் நடந்தபோது, புதர் இடைவெளியில் மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பி வளையமாகத் தொங்குவதைப் பார்த்தேன். என்னவென்று எனக்குத் தெரியும். பக்கத்தில் யாரும் இல்லை. அவிழ்த்து எறிய அரை நிமிடம் போதும். பன்றிக்குத்தானே என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். இரவில் ஏதோ கத்துவது போலக் கேட்டது, போர்வையை இழுத்துக்கொண்டேன்.

காலையில் கண்ணியில் கிடந்தது ஒரு புள்ளிமான் பிணை. கழுத்தில் கம்பி எலும்புவரை இறங்கியிருந்தது. சுற்றிலும் மண் குளம்பால் கீறிக் கிடந்தது. நெடுநேரம் உதைத்திருக்க வேண்டும். அப்புச்சி தடியூன்றி வந்து, சிரமப்பட்டுக் குந்தினார். மடியைத் தொட்டார். விரலில் பால் ஒட்டியது.

மாமா தலை குனிந்து நின்றார். அப்புச்சி அவரைத் திட்டவில்லை. எங்கள் எல்லோரையும் பார்த்து, "ராத்திரி ஆராச்சும் சத்தம் கேட்டீங்களா?" என்றார்.

"இல்லீங்க அப்புச்சி" என்றேன்.

மாமா அன்றே கம்பிகளை எல்லாம் பிடுங்கிவிட்டார். குட்டியை நானும் அப்புச்சியும் இரண்டு நாள் தேடினோம். கிடைக்கவில்லை.

வேட்டைக்காரனின் செயலைப் பார்க்கக் கூட்டம் இருப்பதில்லை. அவன் மனசாட்சிதான் நடுவர் என்ற கருத்தை அமெரிக்க அறிஞர் ஆல்டோ லியோபோல்டு, 1949இல் வெளிவந்த தம் நூலில் சொல்லியிருக்கிறார். நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் அந்த வரியைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று.

அப்புச்சிக்கு இப்போது கண் மங்கிவிட்டது. மலர் அச்சாகி வந்ததும் பொங்கலுக்கு எடுத்துப்போய் இதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.